ட்ரம்ஸ் சத்தத்துல இடி கேட்குமா?

கல்சுரல்ஸ் கமிட்டி மீட்டிங்ல ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருத்தர் கண்டிப்பா சொல்ற டயலாக் ஒண்ணு இருக்கு: "மழை வந்தா பாத்துக்கலாம் மச்சி." அதோட அந்த டாபிக் முடிஞ்சிடும். அடுத்து ஸ்பான்சர், அடுத்து டி-ஷர்ட் கலர். ஆனால் மழை வந்தால் யார் எதைப் பார்க்கணும், எத்தனை நிமிஷத்தில் பார்க்கணும் என்பது நம்ம முதல் வருஷ ஃபிசிக்ஸிலேயே ஒளிஞ்சிருக்கிற விஷயம். திறந்த மைதானத்தில் பறை, செண்டை மேளம், பேண்டு என்று எந்த முழக்கம் வைத்தாலும் இது பொருந்தும். நீங்க வாலண்டியராக இருந்தால் முழுசா படிங்க. ஆடியன்ஸ்தான் என்றாலும் படிங்க, ஓட வேண்டியது நீங்கதான்.

அமெரிக்காவில் 'ட்ரம் கோர்' என்று ஒரு உலகமே இருக்கு. 150 பேருக்கு மேல் ட்ரம்ஸும் பித்தளைக் கருவிகளுமாக ஃபுட்பால் மைதானத்தில் நடந்துகொண்டே வாசிப்பார்கள். ட்ரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 1972 முதல் இதற்கு சாம்பியன்ஷிப் நடத்துகிறது. கோடைக்காலம் முழுக்க ஊர் ஊராகத் திறந்தவெளியில் ஆடிவிட்டு, 2009 முதல் இறுதிப்போட்டியை இண்டியானாபொலிஸில் கூரையை மூடக்கூடிய ஸ்டேடியத்தில் வைக்கிறார்கள். மத்த ஊர்களில் மின்னல் வந்தால் ஷோ நிற்கும். அதில் யாரும் வாக்குவாதம் பண்ணுவதில்லை.

நம்ம நாட்டில் இதற்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பது டெல்லி விஜய் சௌக்கில் ஜனவரி 29 அன்று நடக்கும் 'பீட்டிங் ரிட்ரீட்'. முப்படைகளின் பேண்டுகள், நடுவில் ட்ரம்மர்களுக்கு என்றே தனியாக ஒரு உருப்படி. 2023இல் அந்த நிகழ்ச்சி மழையில் மாட்டிக்கொண்டது. பேண்டுகள் நனைந்துகொண்டே வாசித்து முடித்தன. ஆனால் அந்த வருஷம் பெரிசா விளம்பரம் பண்ணியிருந்த 3,500 ட்ரோன் ஷோ ரத்து. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, எது போச்சு, எது நின்னது? மோட்டார், சென்சார், பேட்டரி இருப்பது போச்சு. கையால் அடிப்பதும் வாயால் ஊதுவதும் நின்னது. நிகழ்ச்சியை இப்படி அடுக்கடுக்காக வைத்து, எந்த அடுக்கை எடுத்தாலும் மிச்சம் ஓடும் என்று திட்டம் போட்டால், பாதி தலைவலி குறையும். நம்ம கல்சுரல்ஸில் நேர் எதிர். எல்.இ.டி. சுவர் அணைஞ்சா ஷோவே அணைஞ்சிடும்.

சரி, மழை முதலில் தொடுவது எதை? தோலை. பறையோ செண்டையோ, இழுத்துக் கட்டிய தோல் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிக்கும். ஒரு துளி மேலே விழ வேண்டாம், ஈரப்பதம் ஏறினாலே போதும். தோல் தளரும், எடையும் கொஞ்சம் கூடும். அதிரும் சவ்வின் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று படிச்சிருப்பீங்க. இழுவிசை 20 சதவீதம் குறைந்தால் சுருதி ஏறக்குறைய 10.5 சதவீதம் இறங்கும். கீபோர்டில் எண்ணினால் கிட்டத்தட்ட இரண்டு அரைக்கட்டை கீழே. 'டண்' என்று வெட்டும் சத்தம் 'தொப்' ஆகிவிடும்.

பறை அடிப்பவர்கள் இதை எந்தச் சமன்பாடும் இல்லாமல் கையாள்கிறார்கள். ஆட்டத்துக்கு முன்னால் வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி, அந்தச் சூட்டில் பறையைத் திருப்பித் திருப்பிக் காட்டுவதைப் பார்த்திருப்பீங்க. அது சடங்கு இல்லை, ட்யூனிங். ஈரம் வெளியேறி, தோல் இறுகி, சுருதி ஏறும். நடுவில் சத்தம் இறங்கினால் மறுபடியும் காய்ச்சணும். ஆக, பறைக் குழுவைக் கூப்பிடும்போது மழை ஒதுங்காத, பந்தல் துணி பக்கத்தில் இல்லாத ஒரு நெருப்பு இடம் கொடுக்கணும். ஃபயர் சேஃப்டி பேப்பரில் அதையும் எழுதணும். மேடைக்கு ரெண்டு லட்சம் செலவு பண்ணிட்டு, இதைக் கேட்டா "அண்ணா, கேம்பஸ்ல நெருப்பு கூடாது" என்று சொல்வது எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை.

செண்டையில் கயிற்றை இறுக்கலாம். பேண்டு ட்ரம்களில் 1950களின் பிற்பகுதியில் பாலியெஸ்டர் ஃபிலிம் வந்தது. 1957இல் தொடங்கிய ரெமோ நிறுவனம் அதைப் பரப்பியதில் முக்கியமான பெயர். அது தண்ணீரைக் குடிக்காது, அதனால் மழைநாளில் பேண்டு செட் தாங்கும். இப்போ பிளாஸ்டிக் தோல் போட்ட பறையும் கிடைக்கிறது. மழையில் அடிக்கலாம், நெருப்பு வேண்டாம். ஆனால் அந்த நாதம் வேற மாதிரி, பழைய ஆட்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கும் தோல்தான் பிடிக்கும்.

ட்ரம்பெட் பக்கம் வேற கதை. காற்றில் ஒலியின் வேகம் ஒவ்வொரு டிகிரிக்கும் வினாடிக்கு சுமார் 0.6 மீட்டர் மாறும். சாயங்காலம் 36 டிகிரி இருக்கும் தாம்பரத்தில், இடிமழைக்கு முன் வரும் குளிர்காற்று அரை மணி நேரத்தில் 26க்கு இறக்கிவிடும். ஒலிவேகம் 1.7 சதவீதம் குறையும், குழல்களின் சுருதியும் அவ்வளவு இறங்கும். அரைக்கட்டையில் மூன்றில் ஒரு பங்கு. கீபோர்டு மட்டும் அசையாமல் நிற்கும். "பேண்டு ஸ்ருதி விட்டுட்டாங்க" என்று கமெண்ட் போடுவதற்கு முன் வானத்தை ஒரு தடவை பாருங்க.

இதெல்லாம் சத்தம் கெடுகிற அளவோடு நிற்பவை. இனிமே வருவது உயிர் சம்பந்தப்பட்டது.

முதலில் மின்சாரம். ஜெனரேட்டரிலிருந்து வரும் லைனில் 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கணும். மழை தொடங்கியதும் அது திரும்பத் திரும்ப டிரிப் ஆகும். அப்போ யாராவது ஒரு அண்ணன் "இது ஒரு தொல்லை" என்று அதை பைபாஸ் பண்ணிவிடுவார். டிரிப் ஆவது தொல்லை இல்லை. எங்கேயோ ஈரமான ஜாயிண்ட் வழியா மின்சாரம் தரைக்கு இறங்குதுன்னு அது சொல்லுது. மைக்கைப் பிடித்திருக்கும் ஈரக்கை அந்தத் தரையில்தான் நிற்கிறது.

அடுத்து மின்னல். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2021இல் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,880 பேர். மின்னலைப் பார்த்ததிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணுங்க. மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 வினாடிக்குள் கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கு, உள்ளே போகணும். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆகும் வரை வெளியே வரக்கூடாது. நடுவில் இன்னொரு இடி கேட்டால் மறுபடியும் பூஜ்யத்திலிருந்து 30. இதற்குப் பெயர் 30-30 விதி. தாம்பரத்தில் நிற்கிறவருக்கு 10 கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய கூடுவாஞ்சேரி. அங்கே மின்னல் வெட்டும்போது நம்ம தலைக்கு மேல் நட்சத்திரம்கூடத் தெரியலாம். அதனால்தான் யாரும் நகர மாட்டார்கள்.

முழக்க நிகழ்ச்சிக்கு மட்டும் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. நாற்பது பேர் சேர்ந்து அடிக்கும்போது பக்கத்தில் நிற்கிறவருக்கு 100 டெசிபலைத் தாண்டும். அதற்குள் 8 கிலோமீட்டருக்கு அப்பால் உருளும் இடி கேட்கவே கேட்காது. அடிப்பவர்கள் காதில் வேறு அடைப்பான். கூட்டம் விசில். ஜெனரேட்டர் உறுமல். எண்ண வேண்டிய நேரத்தில் எண்ணுவதற்கு ஆளே இல்லை. ஆகவே இடி கேட்கும் வேலைக்கு ஒருத்தரை மைதானத்துக்கு வெளியே, ஸ்பீக்கருக்குப் பின்பக்கம், முடிந்தால் மேற்கே பார்த்த மொட்டைமாடிக்குக் கீழே ஒரு மூடிய வராண்டாவில் நிறுத்தணும். கையில் போன், போனில் 'தாமினி' ஆப். புனேயில் இருக்கும் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் செய்தது, 20 முதல் 40 கிலோமீட்டர் சுற்றளவில் மின்னல் எச்சரிக்கை காட்டும். அந்த ஆளுக்கு அன்னைக்கு டான்ஸ் பார்க்கக் கிடைக்காது, பாவம்தான்.

30 வினாடி விதியை மட்டும் நம்பினாலும் போதாது. இங்கே ஒரு சின்னக் கணக்கு. 4,000 பேர் மைதானத்தில். வெளியே போக 3 மீட்டர் கேட் ஒன்று. சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிஷத்துக்கு சுமார் 80 பேர் நெருக்கடி இல்லாமல் போகலாம் என்பது ஸ்டேடியம் கட்டுபவர்கள் பயன்படுத்தும் மதிப்பு. 3 மீட்டருக்கு 240 பேர். 4,000 பேருக்கு ஏறக்குறைய 17 நிமிஷம், அதுவும் யாரும் தள்ளாமல், செருப்பைத் தேடாமல் போனால். மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் மேகம் 10 கிலோமீட்டரைக் கடக்க 15 நிமிஷம். பார்த்தீங்களா? விதிப்படி நிறுத்தினாலும் கடைசி நானூறு பேர் திறந்த வெளியில் இருப்பார்கள். எனவே எப்போ நிறுத்தணும் என்பதை மழை தீர்மானிப்பதில்லை, உங்க கேட்டின் அகலம்தான் தீர்மானிக்கிறது. பெரிய கூட்டம், சின்ன கேட் என்றால் மின்னல் 20 கிலோமீட்டரில் இருக்கும்போதே அறிவிக்கணும். இன்னொரு கேட்டைத் திறந்து வைத்தால் நேரம் பாதி. வழக்கமா அந்த இரண்டாவது கேட்டின் சாவி யாரிடம் இருக்கும் தெரியுமா? வீட்டுக்குப் போய்விட்ட ஒருத்தரிடம்.

எங்கே போவது? பந்தலுக்குள் இல்லை, மரத்தடியில் இல்லவே இல்லை, மேடையின் இரும்புச் சட்டத்துக்குக் கீழேயும் இல்லை. கான்கிரீட் கட்டடம், இல்லையென்றால் நம்ம காலேஜ் பஸ். இரும்புக் கூரையும் மூடிய ஜன்னலும் உள்ள பஸ்ஸில் மின்னோட்டம் வெளி உடல் வழியாகத் தரைக்கு இறங்கிவிடும், உள்ளே இரும்பைத் தொடாமல் உட்கார்ந்தால் போதும். மைதானத்துக்குப் பக்கத்தில் பஸ்களை வரிசையாக நிறுத்தி, கதவைப் பூட்டாமல் வைக்கச் சொல்ல ஒரு போன் கால் போதும்.

இந்தப் பக்கம் நடந்த பெரிய உதாரணம் உங்களுக்கே தெரியும். 2023 ஆகஸ்ட் 12, ஈ.சி.ஆர். பனையூரில் ஏ.ஆர்.ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்'. மழையால் அன்றைக்கே ஒத்திவைக்கப்பட்டது. ஆட்கள் கிளம்பி வழியில் இருக்கும்போது இப்படி ஒரு முடிவு எடுப்பது கஷ்டம். என்னைக் கேட்டால் சரியான முடிவு. ஆனால் ஒத்திவைத்தால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்ட தேதிக்கு அப்படியே வரும். செப்டம்பர் 10 அன்று டிக்கெட் வாங்கிய பலரால் உள்ளேயே போக முடியவில்லை, நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் பட்ட பாடு செய்திகளில் நிறைந்தது, ஏற்பாட்டாளர்கள் மன்னிப்பு கேட்டார்கள். ஆகஸ்டில் மழை செய்ததைவிட செப்டம்பரில் நல்ல வானிலையில் வாசல் செய்தது அதிகம். மாற்றுத் தேதி போடும்போது கேட், பார்க்கிங், தலைக்கணக்கு மூன்றையும் புதுசாகப் போடணும்.

மோசமான வானிலை என்றால் மழை மட்டும்தான் என்றும் நினைக்காதீங்க. 2024 அக்டோபர் 6, மெரினா விமானப்படை சாகசம், காலை 11 மணி முதல் மதியம் 1 மணி வரை. வானம் பளிச். வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து பேர் இறந்தார்கள். இரண்டு நாள் கழித்து விமானப்படை நாள் அணிவகுப்பு நம்ம தாம்பரம் விமானப்படை நிலையத்தில்தான் நடந்தது. யூனிஃபார்ம் போட்டு, 15 கிலோ ட்ரம்மைத் தோளில் மாட்டி, மதியம் ரிகர்சல் வைக்கும் பேண்டுக்கு இதைவிட வேறு எச்சரிக்கை வேண்டாம். ரிகர்சலைக் காலை எட்டுக்குள் முடிங்க.

தேதி விஷயத்தில் ஊருக்கு ஒரு பழக்கம் இருக்கு. சென்னை சங்கமம் பொங்கலை ஒட்டி வருகிறது, கல்லூரி விழாக்கள் ஜனவரி முதல் மார்ச் வரை. வடகிழக்குப் பருவமழை முடிந்த காலம். 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியதை அனுபவிச்ச முடிச்சூர்க்காரர்கள் யாரும் டிசம்பரில் மைதானம் புக் பண்ண மாட்டார்கள். ஆனால் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் ஃப்ரெஷர்ஸ் டே வைப்போம் இல்லையா, அதுதான் ஏமாற்றும் மாதங்கள். பகல் முழுக்க வெயில், மாலையில் காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மேகம் திரண்டு, ராத்திரி ஏழு எட்டு மணிக்குக் கிழக்கே கடலை நோக்கி நகரும். நம்ம ஹெட்லைனர் மேடை ஏறும் அதே நேரம். சென்னை ரேடார் படம் வானிலைத் துறை தளத்தில் இலவசம். மாலை நாலு மணியிலிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்தால், மேகம் வரும் திசை கண்ணுக்கே தெரியும்.

கடைசியாக, நிறுத்தச் சொல்வது எப்படி? கரண்ட்டை அணைத்திருந்தால் மைக் இல்லை, எனவே பேட்டரி மெகாஃபோன் இரண்டு. 'நிறுத்து' என்று சொல்லும் அதிகாரம் ஒரே ஒருத்தருக்கு. அவர் பெயர் காலையிலேயே எல்லா வாலண்டியருக்கும் தெரிஞ்சிருக்கணும். அடிப்பவர்களுக்கு எதுவும் கேட்காது என்பதால் குழுத் தலைவரோடு முன்கூட்டியே ஒரு கைச்சைகை பேசி வையுங்க, இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கே வைப்பது மாதிரி. பேண்டு என்றால் அந்தச் சைகையைப் பார்க்க வேண்டியவர் ட்ரம் மேஜர். மைதானத்திலேயே உயரமான இரும்பு மேடையில் தனியாக நிற்பவர் அவர்தான், அதனால் முதலில் இறக்க வேண்டியதும் அவரைத்தான்.