படி மாட்டும்போது பாடி போல்ட்டைக் கவனியுங்கள்

திருப்பத்தூர் மாவட்டம் ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலையேறினால் காவலூர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். வைணு பாப்பு வானாய்வகத்தால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த பெயர். மலையில் இருப்பவர்களுக்கோ சாமையும் புளியும் பலாவும்தான் பிழைப்பு. விளைந்ததைக் கீழே ஆலங்காயத்துக்கும் வாணியம்பாடிக்கும் இறக்க பிக்கப், ஜீப் மாதிரி வண்டிகள்தான் கைகொடுக்கின்றன. மூட்டை போகும் அதே வண்டியின் முன் சீட்டில்தான் பிரசவத்துக்குப் போகும் பெண்ணையும், முட்டிவலிக்காரப் பாட்டியையும் ஏற்ற வேண்டியிருக்கிறது. கேபின் தரையோ உயரம். அதனால் கதவுக்குக் கீழே இரும்புப் படி மாட்டுகிறார்கள். தேவையான வேலைதான். ஆனால் அந்தப் படி எந்த போல்ட்டில் தொங்குகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு.

பொலிரோ பிக்கப், பழைய மஹிந்திரா ஜீப் போன்றவற்றில் சேஸிஸ் தனி, பாடி தனி. சேஸிஸின் மேல் தடித்த ரப்பர்களை வைத்து, அவற்றின் மீது பாடியை உட்காரவைத்து, நடுவே போல்ட் விட்டு முடுக்கியிருப்பார்கள். இதைத்தான் பாடி போல்ட் என்கிறோம். (ஆல்டோ மாதிரி கார்களில் பாடியே சேஸிஸ், அவற்றுக்கு இந்தப் பேச்சே இல்லை.) கடையில் விற்கும் படிகள் பலவற்றின் பிராக்கெட்டுகள், இந்த பாடி போல்ட்டைக் கழற்றி அதிலேயே சேர்த்து மாட்டும்படி செய்யப்பட்டவை. ஓட்டை போட வேண்டாம், வெல்டிங் வேண்டாம் என்பதால் அது நல்ல முறைதான். சேஸிஸில் வெல்டிங் வைப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. படியைத் தாங்குவது அந்த போல்ட்டுக்குப் பிறகு வந்த வேலை. கேபினைச் சேஸிஸோடு பிடித்துவைப்பதுதான் அதன் முதல் வேலை.

பலத்தைக் காட்டும் இடமல்ல

‘நல்லா டைட் வைப்பா’ என்று சொன்னதும் பட்டறைப் பையன் ஸ்பேனரில் பைப்பைச் செருகுவான். வம்பு தொடங்குவது அங்கேதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 20 கிலோ எடைக்கு அழுத்தினால், போல்ட்டின் மேல் விழும் முறுக்கு 6 கிலோ மீட்டர்; அதாவது சுமார் 59 நியூட்டன் மீட்டர். அதே ஆள், அதே அழுத்தம், 1 மீட்டர் பைப் என்றால் 196 நியூட்டன் மீட்டர். 10 மி.மீ. பருமனுள்ள, தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவே 50 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான். பைப் போட்டால் போல்ட் நீண்டு இடுப்பு மெலியும், அல்லது மரை போகும். அன்றைக்கே உடைந்தால் அதிர்ஷ்டம். உடையாமல் மெலிந்து நிற்கும் போல்ட், புளி மூட்டையோடு கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது உடையும்.

இன்னொரு கேடு ரப்பருக்கு. பல வண்டிகளில் ரப்பரின் நடுவே இரும்பு ஸ்லீவ் ஒன்று இருக்கும். போல்ட்டின் இறுக்கத்தை அந்த ஸ்லீவ் தாங்கிக்கொள்ள, ரப்பர் அளவோடு மட்டும் நசுங்கும். கழற்றும்போது ஸ்லீவ் கீழே விழுந்து, அதைப் போடாமல் மாட்டினால், முடுக்க முடுக்க ரப்பர் பிதுங்கிக்கொண்டே போகும். குலுக்கலைத் தாங்க வேண்டிய ரப்பர் செத்துவிட்டால் கேபின் தகடு அதிர்ந்து விரிசல் விடும், கதவு சரியாகச் சேராது.

அதற்காகத் தளர்வாகவும் விடக்கூடாது. தளர்ந்த போல்ட் ஓட்டைக்குள் ஆடி ஆடி ஓட்டையையே பெரிதாக்கிவிடும். கேபினுக்கடியில் ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எனவே டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். எவ்வளவு முறுக்கு என்பதை உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்லும். இல்லாவிட்டால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் மாடல், வருடம் சொல்லிக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து வண்டியின் அளவு உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. ஸ்பேனர் நம்பரும் போல்ட் பருமனும் வேறு என்பதையும் கவனியுங்கள். 17ஆம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கும் போல்ட்டின் பருமன் பெரும்பாலும் 10 மி.மீ.தான்.

மாட்டும் முறை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது.

மழையிலும் சேற்றிலும் ஓடிய வண்டியில் போல்ட் துருவேறியிருக்கும். முந்தின நாளே கம்பி பிரஷால் மரையைத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயைச் சில சொட்டு விடலாம். டீசலை ஊற்றிக் குளிப்பாட்ட வேண்டாம்; ரப்பர் ஊறி உப்பிவிடும். மறுபடி மாட்டுமுன் மரையைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் பட்ட மரை வழுக்குவதால், டார்க் ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டினாலும் போல்ட் கூடுதலாக இழுபடும்.

எல்லா போல்ட்டையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது. ஒன்றைக் கழற்றி, பிராக்கெட்டை வைத்து, கையால் திருகிவிட்டு, அடுத்ததற்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் கழற்றினால் கேபின் நகர்ந்து, ஓட்டைகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்காது. பிராக்கெட்டைப் பாடிக்கும் ரப்பருக்கும் நடுவே செருகினால் அந்தப் பக்கம் கேபின் தூக்கிக்கொள்ளும். பொதுவாக அது அடியில், வாஷரை ஒட்டி வர வேண்டும். படியோடு வரும் படத்தைப் பாருங்கள். பிராக்கெட்டின் தடிமன் போல்ட்டின் நீளத்தில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும் என்பதும் முக்கியம். முடுக்கிய பிறகு நட்டுக்கு வெளியே 2 மரையாவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அதே தரத்தில் நீளமான போல்ட் வாங்குங்கள். நைலான் வளையம் உள்ள நட்டைக் கழற்றினால் புதிது போடுவது நல்லது.

பிராக்கெட்டுகள் எல்லாம் கைத்திருகலில் நிற்கும்போதே படியை வைத்து மட்டம் பாருங்கள். பிறகு பாடி போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் இரண்டு மூன்று சுற்றாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, கடைசியில் படியின் போல்ட்டுகளை முடுக்க வேண்டும். ஏர் கன் கழற்றுவதற்கு மட்டும் போதும். வேலை முடிந்ததும் நட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் குறுக்கே வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு விலகியிருந்தால் நட்டு சுற்றியிருக்கிறது என்று குனிந்து பார்த்தாலே தெரியும். ரப்பர் படிந்து இறுக்கம் குறையும் என்பதால் முதல் சில நாட்கள் மலையிறங்கி ஏறியதும், பிறகு 500 கிலோமீட்டர் அளவிலும் ஒருமுறை சோதியுங்கள்.

படி ஏறுவதற்கு, தொங்குவதற்கு அல்ல

60 கிலோ ஆள், போல்ட்டிலிருந்து 40 சென்டிமீட்டர் வெளியே நின்றால், அந்த இடத்தில் விழும் நெம்பு 24 கிலோ மீட்டர். மூன்று பேர் நின்றால் 72. பள்ளத்தில் சக்கரம் விழும்போது இது பல மடங்காகும். ஏறி இறங்கத்தான் படி செய்யப்பட்டது. ஓடும் வண்டியில் படியில் ஆள் ஏற்றுவதை 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 123ஆம் பிரிவும் தடுக்கிறது. 2022 ஏப்ரலில் இதே ஜவ்வாது மலையில் கோயிலுக்கு ஆட்களை ஏற்றிப்போன வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். அதற்குப் படியோ போல்ட்டோ காரணமல்ல. ஆனால் சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது எவ்வளவு ஆபத்து என்று மலைக்காரர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

படியோடு சேர்த்து முன்பக்க பம்பர் கம்பியையும் தள்ளிவிடப் பார்ப்பார்கள் கடைக்காரர்கள். அதை வாங்காதீர்கள். அவை மோட்டார் வாகனச் சட்டத்துக்கு எதிரானவை என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு அறிவித்துவிட்டது.

‘போல்ட் தலை சுற்றுகிறது, ஆனால் கழலவில்லை, வெட்டிவிடலாமா?’ என்ற கேள்வியும் வரும். அவசரப்பட்டு கிரைண்டர் போடாதீர்கள். கேபின் தகட்டுக்குள் பற்றவைத்த நட்டு விட்டுப்போய், போல்ட்டோடு சேர்ந்து சுற்றுகிறது என்று அர்த்தம். கேபினுக்குள் தரை மேட்டைத் தூக்கிப் பாருங்கள். மேலே திறப்பு இருந்தால் ஒருவர் நட்டை ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள, மற்றவர் கீழிருந்து கழற்றலாம். திறப்பு இல்லையென்றால் அன்றைக்குப் படி வேண்டாம். வண்டியை அப்படியே மெதுவாகப் பட்டறைக்கு ஓட்டிப்போய், நட்டைச் சரிசெய்த பிறகு மாட்டுங்கள்.