‘வயதாகிவிட்டது’ என்னும் தீர்ப்பு: முதியோரும் உளச்சிகிச்சையும்

‘எனக்கு வயதாகிவிட்டது, இனி என்ன இருக்கிறது?’ என்று முதியோர் கூறக் கேளாத போதகர் இல்லை. இக்கூற்றை உடல் தளர்ச்சியின் இயல்பான விளைவெனக் கொண்டு, ஜெபித்து விடைபெறுவது நம் வழக்கம். ஆனால் இதனுள் இரு வேறு பொருள்கள் கலந்துள்ளன. ஒன்று, கண் மங்கியது, துணை மறைந்தது போன்ற மெய்யான இழப்பு. மற்றொன்று, ‘ஆகவே நான் பயனற்றவன்’ என்னும் தீர்ப்பு. இழப்பை மாற்ற இயலாதிருக்கலாம். தீர்ப்போ ஆராய்ந்து மாற்றத்தக்கது. உளச்சிகிச்சை இவ்விரண்டையும் பிரித்தறிவதில் தொடங்குகிறது.

உளநூல் அறிஞரும் ஒரு காலத்தில் இத்தீர்ப்புக்கு உடன்பட்டிருந்தனர். 1904-இல் வியன்னா மருத்துவர்களிடையே உரையாற்றிய சிக்மண்ட் பிராய்டு, ஏறத்தாழ 50 வயதை எட்டியோரின் மனம் நெகிழ்வை இழந்துவிடுவதால் உளப்பகுப்பாய்வு அவர்களுக்குப் பொருந்தாது எனக் கருதினார். அப்போது அவருக்கு வயது 48. அதன்பின் 1939-இல் இறக்கும்வரை அவர் தொடர்ந்து எழுதிவந்தமை, அக்கருத்துக்கு அவர் வாழ்வே அளித்த மறுப்பாகும்.

1950-இல் எரிக் எரிக்சன், மனித வளர்ச்சி முதுமையிலும் தொடர்வதாக விளக்கினார். வாழ்ந்த வாழ்வைத் தனதென ஏற்கும் நிறைவுக்கும் நம்பிக்கையிழப்புக்கும் இடையே நிகழும் போராட்டமே இறுதிப் பருவத்தின் பணி என்றார். அமெரிக்க உளமருத்துவர் ராபர்ட் பட்லர், 1963-இல் வெளியிட்ட கட்டுரையில், முதியோர் பழங்கதை பேசுவது மூளைத் தளர்ச்சியின் அடையாளமன்று. மரணம் அணுகுவதை உணர்ந்த உள்ளம் தன் வாழ்வை மீள்நோக்கும் இயல்பான செயலே என எடுத்துக்காட்டினார். முதியோரை வயதின் பொருட்டு இழிவாகக் கருதும் மனப்பான்மைக்கு 1969-இல் தனிப் பெயரிட்டவரும் இவரே. இவ்விழிவு நோக்கை இளமை முதல் கேட்டு வளர்ந்தவர், முதுமையில் அதையே தம்மீது சாற்றிக்கொள்கிறார்.

இன்று கையாளப்படும் முறைகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. முதலாவது, வாழ்க்கை மீள்நோக்கு. குழந்தைப் பருவம் முதலாகப் பருவந்தோறும் நிகழ்ந்தவற்றை ஒழுங்காக நினைவுகூரச் செய்து, வெற்றிகளோடு தோல்விகளையும் பொருளுள்ள ஒரே வரலாறாகக் காண உதவுவது இது. இரண்டாவது, 1960-களில் ஆரன் பெக் உருவாக்கிய சிந்தனைவழிச் சிகிச்சை. ‘ஒரு பெயர் மறந்துவிட்டது, என் அறிவு போயிற்று’ என்று ஒருவர் கூறுவாராயின், சிகிச்சையாளர் அதை மறுத்து வாதிடுவதில்லை. இம்முடிவுக்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன, இளமையிலும் மறதி இருந்ததில்லையா என அவரே ஆராயத் துணைபுரிகிறார். பின்னர், கைவிட்ட ஒரு சிறு செயலை மீண்டும் முயன்று பார்க்கச் சொல்கிறார்.

இம்மனப்பான்மையின் விளைவு சிறியதன்று. ஒஹையோ மாநிலத்தில் 50 வயதைக் கடந்த 660 பேரைப் பற்றிய ஆய்வொன்றைப் பெக்கா லெவியும் உடனாய்வாளரும் 2002-இல் வெளியிட்டனர். தம் முதுமையை நல்நோக்கோடு கண்டோர், ஏனையோரைவிட ஏறத்தாழ 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர். நல்நோக்கு மட்டுமே ஆயுளை நீட்டிற்று என இதனால் நிறுவிவிட இயலாது. ஆயினும் இத்தொடர்பு புறக்கணிக்கத்தக்கதன்று.

இங்கு எச்சரிக்கையும் வேண்டும். மீள்நோக்கு சிலரிடம் குற்றவுணர்வையும் ஆழ்ந்த துயரையும் எழுப்பக்கூடும் எனப் பட்லரே சுட்டியுள்ளார். அத்தகையோரைப் பாதிவழியில் விட்டுவிடலாகாது. உறக்கமும் உணவும் குன்றி, சாவை விரும்பிப் பேசுவோரிடம் ‘வயதானால் இப்படித்தான்’ என்பது பெரும் பிழை. அது சிகிச்சைக்குரிய மனச்சோர்வாயிருக்கலாம். தாமதமின்றி மருத்துவரிடம் சேர்ப்பது நம் கடமை.

போதகர் உளமருத்துவர் அல்லர். ஆயினும், முதியவர் தம் கதையை மீண்டும் கூறும்போது கடிகாரத்தைப் பாராமல் கேட்டிருப்பது அவர் கையிலுள்ளது. ‘இந்த வயதில் உங்களுக்கு ஏன் இந்த வேலை?’ என அன்பின் பெயரால் சபைப் பொறுப்புகளிலிருந்து அவரை விலக்கும்போது, அவர் தமக்கு எதிராக எழுதிய தீர்ப்பில் நாமும் கையொப்பமிடுகிறோம் என்பதை மறவாதிருப்போமாக.