மேய்ச்சல் காடு – 9: மறுதாம்புத் துளிர்

கரிசலில் கறிக்காக வளர்ப்பது பெரும்பாலும் வெள்ளாடும் செம்மறியும்தான். வேம்பூர் ஆட்டையும் கன்னி ஆட்டையும் முன்பே பார்த்துவிட்டோம். இந்த வாரம் கொழுக்கட்டைப் புல் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் சோளம் வந்து வழிமறித்துவிட்டது.

கோவில்பட்டிப் பக்கம் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த சோளம் தை, மாசியில் அறுப்பாகும். கதிர் களத்துக்கு, நாத்து (சோளத்தட்டை) படப்புக்கு. அடித்தாள் மட்டும் காட்டில் நிற்கும். சித்திரையில் ஒரு கோடை மழை விழுந்தால் தாளின் அடியிலிருந்து மறுதாம்புத் துளிர் கிளம்பும். சுற்றிலும் காய்ந்து கிடக்க, அது ஒன்றுதான் பச்சை. பசித்த ஆடு அங்கேதான் ஓடும்.

அந்தத் துளிரில் துர்ரின் என்றொரு பொருள் இருக்கிறது. ஆட்டின் இரைப்பைக்குள் போனதும் அதிலிருந்து சயனைடு பிரிகிறது. ரத்தத்தில் பிராணவாயு நிறைய இருக்கும். உடம்பால்தான் அதை எடுத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் செத்த ஆட்டின் ரத்தம் செக்கச்செவேலென்று இருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அரபியில் சோளத்துக்கு துர்ரா என்று பெயர்; துர்ரின் அதிலிருந்து வந்ததுதான். எகிப்துச் சோளத்தின் இளம்பயிரிலிருந்து டன்ஸ்டன், ஹென்றி என்ற இரண்டு ஆங்கிலேய வேதியியலாளர்கள் இந்தப் பொருளைக் கண்டறிந்து 1902இல் வெளியிட்டார்கள். நம் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது 1901இல். ஒரு வருஷ இடைவெளி! சோளம் ஆராயும் நிலையம் இங்கே, சோளத்தின் விஷம் அங்கே.

விளாத்திகுளம் பக்கம் ஓர் ஆட்டுக் கிடையில், அதை நடத்தும் கீதாரி ஒருவரிடம் இதைச் சொன்னேன். "பூட்டை தள்ளுற வரைக்கும் சோளக்காட்டுப் பக்கம் ஆட்ட விடக் கூடாதுய்யா. எங்கய்யா சொல்லிக் குடுத்தது" என்றார். பூட்டை என்றால் கதிர். துர்ரின் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. பூக்கும் பருவம் வந்தால் விஷம் குறையும் என்பதைத்தான் ஆய்வும் சொல்கிறது. முற்றிக் காய்ந்த படப்பு நாத்துக்குப் பயமில்லை. மழை பொய்த்து, குட்டையாய் வாடி நிற்கும் பயிரைத்தான் நம்பவே கூடாது. மேய்ந்த ஆடு மூச்சிரைத்துத் தள்ளாடினால் கால்நடை மருத்துவர் தயோசல்பேட் ஊசி போட்டுக் காப்பாற்றலாம். ஆனால் கையில் இருப்பது சில நிமிஷங்கள்தான்.

கீதாரிக்கு அவர் அய்யா இருந்தார். கடன் வாங்கி இருபது குட்டி பிடித்துப் புதிதாகத் தொழிலுக்கு வரும் இளைஞனுக்கு யார் சொல்வார்கள்? அவனுக்குத்தான் பயிற்சி வேண்டும். கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும் நடத்துகின்றன, நல்ல காரியம். ஆனால் வகுப்பு காலை பத்து மணிக்கு என்றால், அந்நேரம் அவன் காட்டில் நிற்பான். வகுப்பு கிடைக்கு வரட்டும். பொழுது சாய்ந்து ஆடு அடைந்தபின், அந்தத் தாள் நிற்கும் காட்டிலேயே உட்கார்ந்து பேசட்டும். துளிரைக் கிள்ளிக் கையில் கொடுத்துச் சொன்னால் ஒரு மணி நேரம் போதும்.

கொழுக்கட்டைப் புல் அடுத்த வாரம். கரிசலில் அதன் விதையை எந்த மழைக்குத் தூவுவது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.