கிடங்கும் துபாஷியும்

வணிகம் பெருகுந்தோறும் கணக்கும் பெருகும். பெங்களூர், புனே, தில்லி ஆகிய நகரங்களில் கிளைகள் கொண்ட மளிகைக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சென்ற ஐந்தாண்டுகளில் எந்தக் கிளையில், எம்மாதத்தில், எப்பண்டம் மிகுதியாக விற்றது என்று உரிமையாளர் வினவுகிறார். அன்றாட விற்பனையைப் பதியும் தரவுத்தளத்தையே இவ்வினாவுக்கும் விடை தேடச் செய்தால், கல்லாவின் முன் நிற்போர் காத்திருக்க நேரும். ஆதலின் பழைய கணக்கு முழுவதையும் வேறோரிடத்தில் தொகுத்து வைக்கின்றனர். அதுவே தரவுக் கிடங்கு. அதனைத் தாமே நிறுவாமல், பிறர் நடத்தும் கணினி நிலையங்களில் இணையத்தின் வழியே கட்டணத்திற்குப் பெறுவது மேகத் தரவுக் கிடங்கு எனப்படும். கூகுளின் பிக்குவெரி, அமேசானின் ரெட்ஷிப்ட், ஸ்னோபிளேக் ஆகியவை இவ்வகையின.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவருள் நிரல் எழுதுந் தொழிலில் உள்ளோர் பலர். அவர்க்கு இஃது அன்றாட அலுவல். ஏனையோர்க்கோ, தம் பெயரும் தாம் வாங்கிய பொருளும் எவ்வாறு கையாளப்படுகின்றன என்பதை அறிய இஃது ஒரு வாயில்.

செயலி ஒரு மொழி பேசுகிறது. கிடங்கு வேறொரு மொழி பேசுகிறது. செயலிக்குத் தெரிந்தவை கடை, பண்டம், விற்பனை என்னும் பொருள்கள். கிடங்கு அறிந்ததோ அட்டவணை, வரி, பத்தி என்பனவும், 1970களில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் தோன்றிய எஸ்.கியூ.எல். என்னும் வினவல் மொழியுமே. இரண்டிற்கும் இடையே நின்று பேசுவதற்கு ஒருவர் வேண்டும். புதுச்சேரியில் டூப்ளேயிடம் ஆனந்தரங்கப் பிள்ளை வகித்த துபாஷிப் பணியை நினைவுகொள்க. நிரலில் அப்பணியைச் செய்வதற்குத் தரவு அணுகு பொருள் என்று பெயர். ஜாவா நிரலாளர்க்கென 2001இல் வெளியான வடிவத் தொகுப்பு ஒன்று இம்முறையைப் பரவலாக அறிமுகப்படுத்தியது.

இது செயற்படும் விதம் எளிது. 'புனேக் கிளையின் சென்ற மாத விற்பனையைத் தருக' என்று செயலி கேட்கிறது. அணுகு பொருள் கிடங்கோடு இணைப்பைப் பெறுகிறது, வினவலை அனுப்புகிறது, வந்த வரிகளை விற்பனைப் பொருள்களாக மாற்றித் தருகிறது, இணைப்பை விடுவிக்கிறது. ஜாவா மொழியில் இவ்விணைப்புக்கு 1997 முதல் ஜே.டி.பி.சி. என்னும் இடைமுகம் உண்டு. மேற்கூறிய கிடங்குகள் மூன்றுக்கும் அதற்குரிய இயக்கிகள் கிடைக்கின்றன. கிளையின் பெயரை வினவல் வாக்கியத்தோடு ஒட்டி எழுதாமல் தனி மதிப்பாக அனுப்புதல் வேண்டும்; இன்றேல் பெயரைப்போல் வேடமிட்ட கட்டளை உட்புகுந்துவிடும்.

இவ்வேலையை ஓரிடத்தில் வைப்பதன் பயன் யாது? கிடங்குகள் யாவும் எஸ்.கியூ.எல். பேசினும், தேதிக் கணக்கு முதலியவற்றில் ஒவ்வொன்றும் தனி வழக்குடையது. ரெட்ஷிப்டிலிருந்து பிக்குவெரிக்கு மாற நேர்ந்தால், துபாஷியை மாற்றினாற் போதும்; செயலி அவ்வாறே நிற்கும். வினவல்களை நிரலெங்கும் சிதறவிட்டவரோ ஒவ்வொரு பக்கத்தையும் துருவ வேண்டிவரும். சோதனையின்போது போலித் துபாஷி ஒன்றை நிறுத்திக் கட்டணமின்றிச் சரிபார்த்தலும் கூடும்.

கட்டணம் என்பதைச் சற்றே விளக்குவோம். பயன்பாட்டுக்கேற்ற கட்டண முறையில், பிக்குவெரி ஒரு வினவல் படித்த தரவின் அளவுக்கு விலை கேட்கிறது. அங்கே தரவு பத்தி பத்தியாகச் சேமிக்கப்பட்டிருத்தலின், எல்லாப் பத்திகளையும் கேட்பது வீண் செலவு. 'பத்து வரி போதும்' என்று எல்லை குறிப்பதனால் மட்டும் பொதுவாகச் செலவு குறையாது. ஸ்னோபிளேக்கின் கணிப்பகம் விழித்தெழும் ஒவ்வொரு முறையும் குறைந்தது 60 விநாடிக்குக் கட்டணம் உண்டு. ஆகவே நல்ல அணுகு பொருள் வேண்டிய பத்திகளை மட்டும் கேட்கும். கூட்டுத்தொகையைக் கிடங்கிலேயே போடச் செய்யும். புதிய கணக்கை ஒவ்வொரு வரியாக அனுப்பாமல் கோப்பாகத் திரட்டி ஏற்றும்.

பணத்தினும் பெரிது பாதுகாப்பு. 2024இல் ஸ்னோபிளேக் வாடிக்கையாளர் பலரின் கணக்குகளில், திருடப்பட்ட கடவுச்சொற்களைக் கொண்டு கள்வர் புகுந்தனர். அக்கணக்குகளில் இரண்டாம் சரிபார்ப்பு இல்லாமையே அதற்கு வழி திறந்தது. களவுபோனவை நிறுவனங்களின் கணக்குகள் மட்டுமல்ல. அவற்றை நம்பித் தம் விவரங்களைத் தந்த பொதுமக்களின் தகவல்களும் ஆகும். எனவே கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதிவைத்தல் தகாது. மறைவிடத்திலிருந்து இயங்குங்காலத்தில் பெறுதல் வேண்டும். கூடுமாயின் கடவுச்சொல்லுக்கு மாறாகச் சாவி இணையைக் கொள்ளல் வேண்டும். விற்பனைத் தொகையைக் காட்டும் அணுகு பொருளுக்கு, வாங்கியோரின் தொலைபேசி எண்ணைப் படிக்கும் உரிமை எதற்கு? படிக்க வேண்டுவதை மட்டும் படிக்கும் உரிமையே அதற்குத் தரத்தக்கது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு ஒன்று தெரியும்: இடையில் நிற்பவர் கேட்டதைத் திரிக்காமல் சொல்லவேண்டும், கேளாததைச் சொல்லாதிருக்கவும் வேண்டும். இவ்விரண்டையும் காக்கும் துபாஷி ஒருவரை நிறுத்திய செயலி, கிடங்கு மாறினும் கலங்காது. தன்னை நம்பினோரையும் காட்டிக்கொடாது.