உங்களுக்குத் தெரியுமா? ஆடு தொடாத காட்டாமணக்கு, மீனுக்குத் தீனி!

ஆடு மாடு வாய் வைக்காது என்பதற்காகவே வேலியோரம் நடப்படும் செடி காட்டாமணக்கு. அதன் விதையைத் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிச்சயம். ஆனால், அதே விதையின் பிண்ணாக்கைத் தின்று கெண்டை மீன்கள் வளர்ந்திருக்கின்றன!

பயோடீசலுக்காக எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சுவது இந்தப் பிண்ணாக்கு. ஓடு நீக்கிய பருப்பிலிருந்து எடுத்தால் அதில் புரதம் 60 சதவீதம் வரை இருக்கும். சோயா பிண்ணாக்கில் 45 சதவீதம் அளவுதான்.

சிக்கல் காட்டாமணக்குப் பிண்ணாக்கிலுள்ள நஞ்சுகளில். அவற்றுள் லெக்டின், டிரிப்சின் தடுப்பான் ஆகியவை ஆவியில் வேகவைத்தால் அடங்கிவிடும். மற்றொரு நஞ்சான போர்பால் எஸ்டரோ சூட்டுக்கு மசியாது. ஒரு கிலோ தீவனத்தில் 15 மில்லிகிராம் கலந்தாலே கெண்டையின் வளர்ச்சி குன்றுகிறது.

ஜெர்மனியின் ஹோஹென்ஹைம் பல்கலைக்கழகத்தில் ஹரிந்தர் மக்கார், கிளாஸ் பெக்கர் குழுவினர் கரைப்பான்களைக் கொண்டு இந்த நஞ்சை நீக்கினர். பிண்ணாக்கில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. அதைத் தனியே சேர்த்தனர். தாதுச் சத்துகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பைட்டேட்டைச் சிதைக்க, பைட்டேஸ் நொதியையும் கலந்தனர். தீவனத்தில் வழக்கமாகச் சேர்க்கும் மீன்தூளின் புரதத்தில் பாதிக்குப் பதிலாக இதைக் கொடுத்தபோதும் கெண்டைகளின் வளர்ச்சி குறையவில்லை. திலேப்பியா, ட்ரவுட், இறால் ஆகியவற்றுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள்.

இன்னொரு வியப்பு: காட்டாமணக்கின் தாயகமான மெக்சிகோவில் நஞ்சில்லாத ரகமும் உண்டு. வேராக்ரூஸ் பகுதி மக்கள் அதன் விதையை வறுத்துச் சாப்பிடுகிறார்கள்!