மெய்நிகர் எந்திரம்: சாயலா, குடித்தனமா?

'மெய்நிகர்' என்ற சொல் தமிழில் புழக்கத்துக்கு வந்தபோதே ஒரு குழப்பத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. மெய் என்றால் உண்மை; மெய் என்றால் உடம்பு; இலக்கணக்காரருக்கோ, உயிர் வந்து சேராமல் தனித்து இயங்கமாட்டாத எழுத்து. நம் கோட்பாட்டாளர்கள் முதல் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். போத்ரியாரை வாசித்த உற்சாகத்தில், மூலம் என்று ஒன்று கிடையாது, எல்லாம் நகலின் நகல்தான், கணினியே அதற்குச் சாட்சி என்று எழுதித் தள்ளியாயிற்று. அந்தக் கணினிக்குள் என்னதான் நடக்குது என்று எட்டிப்பார்த்தவர்கள் குறைவு. பார்த்தால் கதை வேறாக இருக்கிறது. மெய்நிகர் எந்திரம் தனக்கென்று உடம்பில்லாத எந்திரம். இன்னொரு எந்திரத்தின் உடம்பில் குடியிருப்பது. ஆகவே 'அசலா, நகலா' என்ற கேள்வியைவிட, 'சாவி யார் கையில்' என்ற கேள்வியே இங்கே முந்தி நிற்கிறது.

1

ஸ்ரீரங்கத்தின் ஏழு பிராகாரங்களை மனதில் வைத்துக்கொண்டால் இதை விளக்குவது சுலபம். வெளிச்சுற்றில் கடை, வீடு, பஸ், சந்தடி. உள்ளே போகப்போக யார் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற விதிகள் இறுகுகின்றன. எக்ஸ்86 வகைச் செயலியிலும் இப்படி நான்கு வளையங்கள் உண்டு: 0 முதல் 3 வரை. லினக்ஸ் அவற்றில் இரண்டைத்தான் பயன்படுத்துகிறது. கெர்னல் 0-இல், நாம் இயக்கும் புரோகிராம்கள் 3-இல். நினைவகத்தின் வரைபடம், வட்டு, கடிகாரம் எல்லாம் கெர்னலின் பொறுப்பு. வெளிவளையத்தில் நிற்கும் புரோகிராம் உள்வளையத்துக்கு உரிய ஆணை ஒன்றைச் செய்யப்போனால், செயலி தடுத்து நிறுத்திக் கெர்னலிடம் ஒப்படைத்துவிடும்.

இனி, ஒரு முழு இயங்குதளத்தையே வெளிவளையத்தில் உட்காரவைத்து, 'நீ கருவறையில்தான் இருக்கிறாய்' என்று நம்பவைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அது உள்வளைய ஆணை இடும்போதெல்லாம் செயலி தடுக்க வேண்டும். பின்னால் நிற்கும் கண்காணி அந்த வேலையைத் தானே செய்து, பலனைக் கையில் கொடுத்து, அனுப்பிவைக்க வேண்டும். இதற்கான நிபந்தனையை 1974-இல் ஜெரால்ட் போப்பெக், ராபர்ட் கோல்ட்பெர்க் இருவரும் வகுத்தார்கள்: எந்திரத்தின் நிலையை மாற்றக்கூடிய, அல்லது காட்டிக்கொடுக்கக்கூடிய ஆணை ஒவ்வொன்றும் தடுக்கப்படக்கூடியதாக இருக்க வேண்டும். ஐ.பி.எம்.மின் பெரிய எந்திரங்களில் 1960-களிலேயே இது நடைமுறைக்கு வந்திருந்தது. எக்ஸ்86 இந்த நிபந்தனையில் தோற்றது. பென்டியத்தில் 17 ஆணைகள் தடுப்பில் சிக்காமல் நழுவுகின்றன என்று 2000-இல் ஜான் ராபின், சிந்தியா இர்வைன் இருவரும் கணக்கெடுத்தார்கள். அவற்றில் சில, வெளிவளையத்தில் ஒன்றுமே செய்யாமல் சும்மா கடந்துபோகும். சில, உண்மையான எந்திரத்தின் விவரத்தை உளறிவிடும். அப்படி உளறும் ஒரே ஒரு ஆணையை வைத்து, தான் மெய்நிகர் எந்திரத்துக்குள் இருக்கிறோமா என்று ஒரு புரோகிராம் சோதித்துக்கொள்ள முடியும் என்று 2004-இல் யோவன்னா ருட்கோவ்ஸ்கா காட்டினார்.

2

இந்தச் சோதனை ஸ்ரீரங்கத்துக்குப் புதிதல்ல. 1323 படையெடுப்பின்போது உற்சவ மூர்த்தியை ஊரைவிட்டு எடுத்துச்சென்றார்கள். அவர் இல்லாத காலத்தில் இன்னொரு மூர்த்தியை எழுந்தருளச் செய்தார்கள். 1371-இல் முதலாமவர் திரும்பி வந்தபோது, யார் பழையவர் என்று சொல்ல ஆளில்லை. பார்வை போன முதிய வண்ணார் ஒருவர், திருமஞ்சனத்து ஈர ஆடையைப் பிழிந்த தீர்த்தத்தைச் சுவைத்துப் பார்த்து அடையாளம் சொன்னார் என்கிறது கோயிலொழுகு. நம்பெருமாள் என்ற பெயர் அவர் வாயில் பிறந்தது. கண்ணுக்கு எட்டாத வேறுபாடு நாக்குக்கு எட்டியது. நழுவிய ஆணை போல.

கதையின் முக்கியமான பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. அடையாளம் தெரிந்ததும் மற்றவரை அப்புறப்படுத்திவிடவில்லை. திருவரங்கமாளிகையார் என்ற பெயரோடு அவர் இன்றும் அங்கேயே இருக்கிறார். அவருக்கும் இடமும் பொறுப்பும் உண்டு. அசல்/நகல் என்ற எதிர்வை வைத்துக்கொண்டு இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள முடியாது. எந்திரத்திலும் இதேதான் நடந்தது.

3

2005-இல் இன்டெலும் 2006-இல் ஏ.எம்.டி.யும் செயலியையே மாற்றின. இன்டெல் வழியில், விருந்தாளி இயங்குதளத்தை வெளிவளையத்துக்குத் தள்ளுவதற்குப் பதிலாக, அதற்கென்று நான்கு வளையங்களும் கொண்ட இன்னொரு தொகுதியே கிடைத்தது. தனிக் கோயில், ஆனால் மதிலின் சாவி வீட்டுக்காரரிடம். விருந்தாளி குறிப்பிட்ட சில காரியங்களைச் செய்யும்போது மட்டும் செயலி அதை நிறுத்தி வெளியே கொண்டுவரும். வந்த காரணத்தையும் எழுதிவைக்கும்.

இதன்மேல்தான் கே.வி.எம். எழுந்தது. 2006 அக்டோபரில் கும்ரானெட் நிறுவனத்தின் அவி கிவிட்டி இதன் மூலநிரலை லினக்ஸ் கெர்னல் உருவாக்குநர்கள் முன் வைத்தார். 2007 பிப்ரவரியில் வெளிவந்த 2.6.20 பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. புதுசாக மாளிகை கட்டாததுதான் இந்த வேகத்துக்குக் காரணம். நேரம் பங்கிட, நினைவகம் பங்கிட லினக்ஸில் ஏற்கெனவே ஏற்பாடு இருந்தது. அதன் கணக்கில் ஒரு மெய்நிகர் எந்திரம் முழுவதும் ஒரு சாதாரண புரோகிராம். அதன் செயலி ஒவ்வொன்றும் ஒரு திரெட். உள்ளே ராஜா, வெளியே பத்தோடு பதினொன்று.

பழுது பார்க்கும்போது இந்த உறவு அம்பலமாகிறது. விருந்தாளி எந்திரம் திடீரென்று மந்தமாகிறது. வீட்டுக்காரர் செயலியை வேறொரு குடித்தனத்துக்குக் கொடுத்திருக்கலாம். விருந்தாளியின் நினைவகத்தை வட்டுக்குத் தள்ளியிருக்கலாம். அல்லது பழங்கால நெட்வொர்க் அட்டை ஒன்றை அப்படியே நடித்துக்காட்டுவதற்காக எந்திரம் நொடிக்கு ஆயிரம் தடவை வெளியே வந்து போய்க்கொண்டிருக்கலாம். உள்ளே இருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். தன் நேரம் போனது தனக்கே தெரியாது. அதனால் போன நேரத்தை வீட்டுக்காரரே எழுதிவைக்கும் ஏற்பாடு வந்தது. 'ஸ்டீல் டைம்', திருட்டுப்போன நேரம், என்றுதான் அதற்குப் பெயரே. வெளியேற்றங்களைக் காரணவாரியாக எண்ணுவதும் வீட்டுக்காரர் பக்கம் நின்றால்தான் முடியும். பழைய அட்டையை நடிக்கும் தொல்லைக்கு ரஸ்டி ரஸ்ஸல் வடிவமைத்த விர்ட்டியோ மருந்தானது: 'நான் விருந்தாளி' என்று தெரிந்தே, வீட்டுக்காரரோடு நேராகப் பேசிக்கொள்ளும் முறை. ஏமாற்று எவ்வளவு கச்சிதமோ அவ்வளவு நல்லது என்று தொடங்கிய தொழில்நுட்பம், தன் நிலையை அறிந்த விருந்தாளியே நன்றாக வேலை செய்கிறது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. நகல்களின் முடிவற்ற விளையாட்டை இதில் காண்பவர்கள், குடியிருப்பவருக்கும் சாவி வைத்திருப்பவருக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வைக் காணாமல் விட்டுவிடுகிறார்கள்.

4

ஏனெனில் இது வெறும் உவமை அல்ல. கூகிளின் மேகக்கணினிகள் கே.வி.எம். மீது ஓடுகின்றன; அமேசானும் 2017-இல் அதை அடிப்படையாகக் கொண்ட ஏற்பாட்டுக்கு மாறத் தொடங்கியது. நம் வங்கிக் கணக்கும் பத்திரிகையும் புகைப்படமும் இப்படிப்பட்ட ஒண்டுக்குடித்தனங்களில்தான் கிடக்கின்றன. நடுச்சுவர் எப்போதும் கெட்டியாக இருப்பதுமில்லை. 2015-இல் வெளிப்பட்ட 'வெனம்' ஓட்டை, கே.வி.எம்.மோடு சேர்ந்து இயங்கும் கியூ.இ.எம்.யு.வின் ஃபிளாப்பி டிரைவ் பகுதியில் இருந்தது. யாரும் தொடாத, செத்துப்போன ஒரு கருவியின் சாயல். அதன் வழியாக விருந்தாளி சுவரைத் தாண்டி வெளியே வர முடிந்தது. 2018 ஜனவரியில் வெளியான ஸ்பெக்டர் குறையின்போது, கே.வி.எம். விருந்தாளி ஒன்று வீட்டுக்காரரின் நினைவகத்தையே வாசித்துக்காட்டியது. அதே ஆண்டு, விருந்தாளியின் நினைவகத்தை வீட்டுக்காரர் படிக்க முடியாதபடி மறையாக்கும் ஏ.எம்.டி.யின் வசதியும் கே.வி.எம்.மில் இடம்பெற்றது. குடித்தனக்காரரும் பூட்டு வாங்கப் புறப்பட்டுவிட்டார்.

இத்தனையும் திறந்த மூலநிரல். ஓட்டையையும் திருத்தத்தையும் எவரும் படிக்கலாம். ஆனால் வெனம் ஓட்டை 2004-லிருந்தே அங்கே இருந்தது. பதினோரு வருஷம் எல்லார் கண்முன்னும் திறந்துகிடந்தது. திறந்திருப்பது வேறு, வாசிக்கப்படுவது வேறு. நம்பிள்ளை ஸ்ரீரங்கத்தில் சொன்ன திருவாய்மொழி விளக்கத்தை வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏட்டில் எழுதிய ஈடு, தலைமுறைக்கு ஒருவர் என்று கைமாறிப் பூட்டியே கிடந்தது என்பது வைணவ மரபின் செய்தி. பிறகு மணவாள மாமுனிகள் அதே ஊரில், நம்பெருமாள் முன்னிலையில், ஒரு வருஷம் முழுக்க அதை எல்லாரும் கேட்க விரித்துரைத்தார். ஏடு வெளியே வந்ததோடு காரியம் முடியவில்லை. ஒரு வருஷம் உட்கார்ந்து சொல்லவும் கேட்கவும் ஆள் வேண்டியிருந்தது.

கெர்னலில் சேரும் திருத்தம் ஒவ்வொன்றோடும், ஏன் இந்த மாற்றம் என்ற விளக்கமும் எழுதப்பட்டிருக்கிறது. உரை மரபில் பழகிய நமக்கு அந்நியமாகத் தோன்ற வேண்டிய பிரதி அல்ல அது. துவாக்குடி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட பரம் பொருள் மீக்கணினி வரைக்கும் லினக்ஸ் வந்து சேர்ந்தாயிற்று. அதற்கான உரையைத் தமிழில் யார் தொடங்குவது என்பது மட்டும் பாக்கி.