சிவப்பு மூடியும் ஆரஞ்சு மூடியும்

திருவட்டாறுக்குப் பக்கத்தில், பரளியாற்றுக்கு மேலே சுமார் 115 அடி உயரத்தில் நிற்கிறது மாத்தூர் தொட்டிப்பாலம். 1966-ல் கட்டியது. பட்டணங்கால் தண்ணீர் ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்கு அந்தத் தொட்டி வழியாகத்தான் கடக்கிறது. தலைக்கு மேலே அவ்வளவு தண்ணீர் ஓடினாலும் கீழே சரிவில் நிற்கும் வாழைக்கு அதில் ஒரு சொட்டுக் கிடையாது. கால்வாய் வயலை எட்டி, அங்கே ஒருவர் மடையைத் திறந்தால்தான் உண்டு. நர்சிங் மாணவிக்கு நீரிழிவை விளக்க இதைவிட நல்ல படம் பாடப்புத்தகத்தில் இல்லை.

நீரிழிவுக்காரரின் ரத்தத்தில் சர்க்கரை நிரம்பி ஓடுகிறது. தசையும் கொழுப்புத் திசுவும் பட்டினி கிடக்கின்றன. மடையைத் திறக்க வேண்டியது இன்சுலின். கணையத்தின் பீட்டா செல்கள் அதைச் சுரக்கின்றன. அந்தச் செல்கள் அழிந்துபோனால் முதல் வகை நீரிழிவு. இன்சுலின் சுரந்தும் மடை துருவேறித் திறக்க மறுத்து, நாளாக ஆகச் சுரப்பும் தளர்ந்தால் இரண்டாம் வகை. போதாக்குறைக்குக் கல்லீரல், ‘உடம்புக்குச் சாப்பாடு போதவில்லை போலும்’ என்று தன் பங்குக்கும் சர்க்கரையைத் தயாரித்து ஊற்றுகிறது. ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகத்தால் பிடித்துவைக்க முடியாமல் சிறுநீரோடு வெளியேறத் தொடங்கும். தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அடிக்கடி ஒன்றுக்குப் போவது, தீராத தாகம், காரணமில்லாத மெலிவு எல்லாம் இதன் தொடர்ச்சி.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. வயது வந்தோரில் தமிழ்நாட்டில் 14.4 சதவீதம், கேரளத்தில் 25.5 சதவீதம். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்து, இன்றும் சாப்பாட்டிலும் பேச்சிலும் பாதி மலையாளக் கரையாக இருக்கும் குமரி மாவட்டத்தை இந்த இரண்டில் எந்த எண்ணோடு சேர்ப்பது என்று யோசிக்கத் தோன்றுகிறது.

அந்த மலையாளக் கரைக்கு மூன்றாவதாக ஒரு நீரிழிவும் உண்டு. சிறு வயதில் விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, இளமையில் சர்க்கரை, எண்ணெய்ப் பசையோடு போகும் மலம், ஒட்டிய உடம்பு. எக்ஸ்ரே எடுத்தால் கணையக் குழாயில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கற்கள். கேரளத்து மருத்துவர் பி. ஜே. கீவர்கீஸ் இத்தகைய நோயாளிகளைப் பெருமளவில் ஆராய்ந்து 1968-ல் தனி நூலே எழுதினார். பழி முதலில் மரச்சீனிக்கிழங்கின் மேல் விழுந்தது. அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது, ஏழைகளின் சாப்பாடும் அதுதான், நோயும் ஏழைகளுக்கே வருகிறது என்று கணக்கு ஒத்துப்போனது. ஆனால் கிழங்கைத் தொடாதவர்களுக்கும் இந்நோய் வந்தது. கிழங்கையே நம்பி வாழ்ந்த பல ஊர்களில் வரவில்லை. பிறகு ‘ஸ்பிங்க் 1’ என்ற மரபணுவின் மாற்றம் பல நோயாளிகளிடம் தெரியவந்தது. மரச்சீனி இந்த வழக்கிலிருந்து ஏறக்குறைய விடுதலை என்றாலும், சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் மாவுச்சத்து என்ற இன்னொரு வழக்கு அதன்மேல் நிலுவையில் இருக்கிறது. மீன்கறியோடு தட்டு நிறையக் கிழங்கு வைப்பவர்களிடம் இதைச் சொல்வது எளிதல்ல.

செவிலியர் கவனிக்க வேண்டியது: கணையக்கல் நோயாளிகளில் பலருக்கு இன்சுலின் தேவைப்படும். சர்க்கரையைத் தூக்கிவிடும் குளூக்ககான் என்ற ஹார்மோனும் இவர்களிடம் குறைந்திருப்பதால், சற்றுக் கூடுதலாகப் போட்டாலும் சர்க்கரை சடாரென்று விழுந்துவிடும்.

இன்சுலின் மருந்தாக வந்து நூறு ஆண்டுகள் தாண்டிவிட்டன. 1922 ஜனவரி 11-ல் டொரான்டோவில் லெனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போட்டார்கள். பெரிய பலனில்லை, குத்திய இடத்தில் சீழ்தான் கட்டியது. காலிப் என்ற வேதியியலாளர் சாற்றைச் சுத்திகரித்துத் தர, ஜனவரி 23-ல் மறுபடி போட்டபோது சர்க்கரை இறங்கியது. எலும்பும் தோலுமாகக் கிடந்த பையன் இன்னும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

இனி ஊசிக்கு வருவோம். இந்தியாவில் இன்சுலின் இரண்டு செறிவில் கிடைக்கிறது. குப்பியில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜும் சில குப்பிகளும் 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. மருந்து 100, சிரிஞ்ச் சிவப்பு என்று மாறிவிட்டால், 20 என்ற கோடு வரை இழுத்ததாக நினைக்கும் கை 50 யூனிட் போட்டுவிடும். நோயாளி மயங்கி விழ அது போதும். எதிர்ப்பக்கம் மாறினால் 20-க்குப் பதில் 8 யூனிட்தான் போகும். ‘ஊசி போட்டும் சுகர் குறையல்ல’ என்று அவர் அடுத்த மாதம் வந்து நிற்பார். படித்து முடித்து வளைகுடாவுக்கோ இங்கிலாந்துக்கோ போகும் குமரி நர்சுகள் அங்கே 100-ஐயே பெரிதும் பார்ப்பார்கள். ஊர் வார்டில் இரண்டும் ஒரே டிரேயில் கிடக்கும். குப்பியின் லேபிளையும் சிரிஞ்சின் மூடியையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் இங்கேதான் கைக்கு வரவேண்டும்.

கலங்கலாக இருக்கும் இன்சுலினைக் குலுக்கக் கூடாது. இரு உள்ளங்கைக்கு நடுவே உருட்ட வேண்டும். இரண்டு வகையை ஒரே சிரிஞ்சில் எடுப்பதானால் தெளிந்தது முதலில், கலங்கல் அடுத்து. வயிற்றில் தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டுவிட்டுக் குத்த வேண்டும். தினமும் இடம் மாற வேண்டும். வலிக்காத இடம் என்று ஒரே இடத்தில் குத்திக்கொள்பவர்களுக்கு அங்கே கொழுப்புக் கட்டியாகும். கட்டியில் போட்ட மருந்து ஒருநாள் ஊறும், ஒருநாள் ஊறாது. சர்க்கரை தாறுமாறாக ஆடுகிறவரின் வயிற்றைக் கையால் தடவிப் பார்த்தாலே காரணம் தட்டுப்படலாம்.

பிரிக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். உறைந்துபோனதைத் தொடவே கூடாது. பிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈரமணல் போட்ட மண்பானைக்குள் சிறு சட்டியை இறக்கி, அதில் பாலித்தீன் உறையோடு குப்பியை வைக்கச் சொல்வது வழக்கம். பானை குளிர்வது தண்ணீர் ஆவியாவதால். இடவப்பாதி மழையில் சுவரே வியர்க்கும் திருவட்டாறில் அந்தக் குளிர்ச்சி குறையத்தான் செய்யும். பானையை நல்ல காற்றோட்டத்தில் வைக்கச் சொல்ல வேண்டும்.

இந்த ஊரில் மருந்துச் சீட்டின் நேரக்கணக்கைக் குழப்புவது ரப்பர். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் பால்வெட்டுத் தொழிலாளி விடியுமுன்னே தோட்டத்தில் இருப்பார். அவருக்குச் சாப்பாடு ஒன்பது மணிக்கோ பத்துக்கோ. ‘காலையில் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்’ என்று சீட்டில் இருப்பதை அவர் ‘காலையில்’ என்று மட்டும் எடுத்துக்கொண்டு, நாலரை மணிக்கு ஊசி போட்டு, கட்டன்சாயா குடித்துவிட்டுப் போனால், மரத்துக்கு மரம் நடக்கும்போது கை நடுங்கும், வியர்க்கும், கண் இருளும். 70-க்குக் கீழே சர்க்கரை இறங்குவது இது. நினைவிருந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி. 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. ஏறாவிட்டால் மறுபடி சர்க்கரை. நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அவருக்குச் சிரைவழி டெக்ஸ்ட்ரோஸ்தான்.

இங்கே கருப்பட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. ‘சீனிதான் கூடாது, கருப்பட்டி சேர்க்கலாம்’ என்ற நம்பிக்கை மாவட்டம் முழுக்க உண்டு. கருப்பட்டியில் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். சாயாவில் போடக் கூடாத அந்தக் கருப்பட்டித் துண்டு, தோட்டத்துக்குப் போகிறவரின் மடியில் அவசியம் இருக்க வேண்டும்.

அவரே பத்து ஆண்டு நீரிழிவுக்காரராகவும் இருந்தால் காலைப் பார்க்க வேண்டும். நீண்டநாள் உயர்ந்த சர்க்கரை கண்ணின் விழித்திரையையும் சிறுநீரக வடிகட்டியையும் நரம்பையும் அரிக்கிறது. முதலிரண்டும் வெகுநாள் சத்தமே போடாது. ஆண்டுக்கொருமுறை விழித்திரைச் சோதனையும் சிறுநீரில் ஆல்புமின் சோதனையும் அதற்காகத்தான். பாதத்துக்கு இயந்திரம் தேவையில்லை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் தொட்டு, ‘தெரியுதா?’ என்று கேட்டால் போதும். மழைக்கால ரப்பர்த் தோட்டத்தில் அட்டை கடித்ததும், முள் தைத்ததும், செருப்பு உரசியதும் தெரியாத பாதம் என்றால், அது ஒருநாள் புண்ணாகத்தான் ஆஸ்பத்திரிக்கு வரும்.

சீட்டும் ஊசியுமாக வார்டிலிருந்து கிளம்புகிறவரிடம் மாணவி கேட்க வேண்டியதை ஊர்ப்பேச்சில் கேட்டால் பதில் சரியாக வரும்: “அண்ணா, எத்தன மணிக்கு வெட்டப் போவிய? எப்பம் சாப்பிடுவிய?” அந்தப் பதிலைக் கேஸ் ஷீட்டில் எழுதிவைத்து, டாக்டர் ரவுண்டு வரும்போது ஊசி நேரத்தின் பக்கத்தில் காட்ட வேண்டும்.